அலமாரிப் பயிற்சி

ஜூன் 4

என் அருமைத் தங்கைக்கு,

நலம். நீயும் மாப்பிள்ளையும் என் ஒரே மருமகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, அதில் என் இடது கால் சேராது. விக் பெட்டியை எடுக்க ஏணியில் ஏறியவன், ஏணியின் உதவி இல்லாமலே இறங்கிவிட்டேன். எட்டு டாக்டர்களும் ஒரு கொத்தனாரும் சேர்ந்து மாவுக்கட்டு போட்டார்கள். அந்த மாவில் ஒரு சின்னப் பாலமே கட்டியிருக்கலாம். மூன்று மாதத்துக்கு நகரக்கூடாதாம். ஆனாலும் படக் கம்பெனியில் என் ஆட்சி தளரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே முப்பத்தேழு தலைகளுக்கு விக் சீவுகிறேன். எல்லாம் மரத்தலைகள். இதுவரை ஒரு தலையும் என்னை எதிர்த்துப் பேசியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் டைரக்டரின் அடுத்த படத்துக்குப் பத்து வயதுப் பெண் குழந்தை ஒன்று வேண்டும். திருடர்கள் வீடு புகுந்து அறை அறையாகத் தேடும்போது அவள் அலமாரிக்குள் ஒளிந்திருப்பாள். வசனம் கிடையாது. முகம் மட்டும் பேச வேண்டும். செப்டம்பர் இருபத்திரண்டாம் தேதி இங்கே தேர்வு. என் மருமகளின் அந்த முட்டைக் கண்கள் போதும், டைரக்டர் நாற்காலியோடு கவிழ்ந்துவிடுவார். தூக்கத்தில்கூட வாய் மூடாத ரேடியோவை வசனமில்லாத வேஷத்துக்கு அனுப்பச் சொல்கிற முதல் தாய்மாமன் நானாகத்தான் இருப்பேன்.

போன படத்தில் நடித்த சிறுமியின் கதையைக் கேள். அவளை ஒரு தானியப் பெட்டிக்குள் நிறுத்திப் பழக்கினார்கள். முதல் நாள் பத்து நிமிடம், கடைசி நாள் ஆறு மணி நேரம். ஒரு எறும்பு அவள் வலது காதில் நுழைந்து, உள்ளேயே குடித்தனம் நடத்தி, பிள்ளைகுட்டி பெற்று, இடது காது வழியாகக் குடும்பத்தோடு வெளியேறியது. அவள் இமைக்கவில்லை. பயிற்சியில் இரக்கத்துக்கு இடம் கொடுத்தால் எல்லாம் பாழ். குழந்தை அழும். அம்மா கெஞ்சுவாள். ஏன், நானே மனம் இளகி, போதும் நிறுத்துங்கள் என்று கடிதமும் தந்தியுமாக அனுப்பித் தொலைப்பேன். எதற்கும் மசியக்கூடாது.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். அவர் சோதித்துக் கையெழுத்துப் போட்ட லிஃப்டில் மட்டும்தான் நான் கண்ணைத் திறந்துகொண்டு ஏறுவேன்.

முப்பத்தேழு தலைகளுக்கும் தலைவனான
உன் அண்ணன்


ஜூன் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். கால் வலி எப்படி இருக்கிறது? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள்? ஸ்டூலில் உட்கார்ந்தே வேலை செய்தால் இடுப்பு போய்விடும், நடுநடுவே படுங்கள்.

உங்கள் கடிதத்தை அவர் இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். எறும்புக் கதைக்கு ரேடியோ சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. சிவப்புப் பென்சில் எடுத்துச் சில வரிகளின் கீழே கோடு போட்டார். "விளையாட்டுக்கு எழுதியிருப்பார்" என்றேன். "இத்தனை வருஷமா அங்கேயே இருக்கிற மனுஷன். அவருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?" என்றார். குழந்தையைத் தயார் செய்வது தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். எடுத்த காரியத்தை அவர் பாதியில் விடமாட்டார் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அவளுக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். உங்கள் வழக்கப்படி எழுதாதீர்கள், அண்ணா. எழுதியிருந்தால் அவர் அதைச் செய்வார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை


ஜூன் 22

வருங்கால நட்சத்திரமும் நிகழ்கால ரேடியோவுமான என் மருமகளுக்கு,

உன் மாமா மாவுக்கட்டுக்குள் சுகமாக இருக்கிறார். நீ இருமல் சளி இல்லாமல் இருக்கிறாயா? தெளிவாக எழுதச் சொல்லி உன் அம்மா உத்தரவு போட்டிருக்கிறாள். தெளிவில் என்னை அடித்துக்கொள்ள ஆள் பிறக்கவில்லை, பிறந்தவரும் பிழைக்கவில்லை. ஆகவே பேனாவில் ஆறு புட்டி மை ஊற்றிக்கொண்டு விதிகளை வகுக்கிறேன்.

முதல் விதி மௌனம். நாற்பது நாள் வாய் திறக்கக்கூடாது. வீடு தீப்பிடித்தால்கூடச் சைகையில்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் விதி இருட்டு. உன் கையே உனக்குத் தெரியக்கூடாது. அப்படி இருந்தால்தான் கண் ஆந்தைக் கண்ணாக விரியும். மூன்றாவது, அசையாமை. மூக்கு அரித்தால் அந்த அரிப்புக்கே அலுத்துப்போய் அது வேறு மூக்கைத் தேடிக்கொண்டு போகும்வரை பொறுக்க வேண்டும். துளி அசைந்தாலும் அன்றைய நேரம் செல்லாது, மறுபடி முதலிலிருந்து. நான்காவதுதான் முக்கியம், பயம். பயப்படாத முகத்தைக் கேமரா கண்டுகொள்ளாது. எப்போது கதவைத் திறப்பார்கள் என்று உனக்குத் தெரியவே கூடாது.

இவ்வளவும் செய்தால் உன்னை வரவேற்க எங்கள் கம்பெனியிலிருந்து பதினாறு யானைகள் வரும். கம்பெனியில் யானை கிடையாது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் அன்பு.

உன் மகா மாமா


ஜூலை 9

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இவ்விடம் அனைவரும் நலம். தங்கள் கால் விரைவில் குணமடைய விழைகிறேன்.

ஜூன் 4, ஜூன் 22 தேதியிட்ட தங்கள் கடிதங்களில் கண்டபடி பயிற்சி நடந்து வருகிறது. தினமும் நான் அலுவலகத்திலிருந்து திரும்பியதும், மாலை ஆறு மணிக்குத் தொடங்குகிறேன். படுக்கையறையில் உள்ள துணி அலமாரியைக் காலி செய்து, என் மழைக்கோட்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். உயரம் ஆறடி, அகலம் இரண்டரை அடி. காற்றுக்காக மேற்பலகையில் மூன்று துளைகள் போட்டேன். அவற்றின் வழியே வெளிச்சம் வந்ததால், இரண்டாம் விதியை உத்தேசித்து அட்டை சாய்த்து வைத்தேன். வெளிப்புறம் தாழ்ப்பாள் பொருத்தியாயிற்று.

முதல் நாள் பத்து நிமிடம். நேற்று ஐம்பத்தைந்து. ஜூன் 28 முதல் குழந்தை பேசுவதில்லை. முதல் மூன்று நாள் சிரமப்பட்டாள், இப்போது பழகிவிட்டது. ஜூலை 5 அன்று ஐம்பதாவது நிமிடத்தில் தும்மினாள். மூன்றாம் விதிப்படி மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். தும்மல் அசைவில் சேருமா என்பதைத் தெரிவிக்கவும். சேராது என்றால் அந்த நாளின் கணக்கைத் திருத்திக்கொள்கிறேன்.

அவள் தாய் கெஞ்சுவாள் என்று தாங்கள் முன்கூட்டியே எழுதியிருந்தது வியப்பாக இருந்தது. அப்படியே நடந்தது.

தங்கள் அன்புள்ள
மைத்துனர்


ஜூலை 14

அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை இன்று காலை படித்தேன். உடனே ஒரு தந்தி அனுப்பச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன். என் உடம்பு, கால், எதைப் பற்றியும் எழுத இப்போது தெம்பில்லை.

மாப்பிள்ளை, நிறுத்திவிடுங்கள். நான் எழுதியது அத்தனையும் தமாஷ். அந்த விதிகளை நான் தேநீர் ஆறுவதற்குள் கற்பனை செய்தேன். எந்தக் கம்பெனியிலும் அப்படி விதி கிடையாது. எந்த டைரக்டரும் குழந்தையை அலமாரியில் பூட்டச் சொல்வதில்லை. தேர்வில் ஒரு நிமிடம் நிற்கச் சொல்வார்கள். கதவுகூட அட்டைக் கதவு, பின்பக்கம் திறந்திருக்கும். நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியாதா? உங்கள் கல்யாணத்தன்று ரயில் தாமதமாக வந்ததற்கு, டிரைவர் ஒரு புலியை ஏற்றிக்கொள்ள நிறுத்தினார் என்று நான் சொல்லவில்லையா? நீங்கள் அன்றைக்கு ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தீர்கள். அன்றே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

தும்மலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். குழந்தை தும்மினால் மூக்கைத் துடைத்துவிடுங்கள். அவ்வளவுதான்.

இரண்டு கையும் கூப்பிக் கேட்கிறேன். இன்றைக்கே தாழ்ப்பாளைக் கழற்றுங்கள். அவளைப் பேசச் சொல்லுங்கள்.

உங்கள் மைத்துனன்


ஜூலை 21

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நலம், நலமறிய அவா.

தங்கள் தந்தியும் கடிதமும் கிடைத்தன. ஜூன் 4 கடிதத்தில், தாங்களே மனம் இளகிக் கடிதமும் தந்தியும் அனுப்புவீர்கள் என்றும், அதற்கு மசியக்கூடாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்குக் கோடு போட்டு வைத்திருந்தேன். தந்தி வந்தபோது தங்கள் முன்யோசனையை நினைத்து மரியாதை கூடியது.

நான் இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் சோதிக்கிறேன். நடுவழியில் நின்றுபோன லிஃப்டில் இருப்பவர்கள் கதவைத் திறக்கச் சொல்லி அழுவார்கள். அந்த அழுகைக்காக அவசரப்பட்டுத் திறந்த இடங்களில்தான் ஆள் விழுந்து செத்திருக்கிறார்கள். காது கொடுக்காமல் விதிப்படி காத்திருந்த இடங்களில் எல்லோரும் பிழைத்திருக்கிறார்கள். என் கையில் இதுவரை ஒரு உயிர் போனதில்லை.

நேற்று ஒரு மணி இருபது நிமிடம்.

கால் மேல் பாரம் வைக்காதீர்கள்.

தங்கள் அன்புள்ள
மைத்துனர்


ஜூலை 30

அன்புள்ள மாமா,

நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? உங்க கட்டுல யாராவது படம் வரைஞ்சாங்களா? நான் வந்தா ஒரு ஒட்டகம் வரைவேன்.

எழுதினா பேசின கணக்கு ஆகாதுன்னு நினைக்கிறேன். விதியில எழுதறதைப் பத்தி இல்லை. அதான் எழுதறேன். ஸ்கூல்ல எழுதறேன். ஸ்கூல்லயும் பேசறது இல்லை. டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டாங்க. தொண்டை வலின்னு அம்மா சொன்னாங்க.

நேத்து ஒண்ணே முக்கால் மணி நேரம் நின்னேன். உள்ள அப்பாவோட மழைக்கோட்டு இருக்கு. முதல்ல அது ஆளு மாதிரி இருந்துச்சு. இப்ப அதோட கையைப் பிடிச்சுக்குவேன். கையைப் பிடிக்கறது அசைவா மாமா? மெதுவாத்தான் பிடிப்பேன். ரொம்ப நேரம் ஆனா என் கால் எங்க இருக்குன்னே தெரியாது. கண்ணைத் திறந்திருக்கேனா மூடியிருக்கேனான்னு தெரியாது. அப்ப கண்ணுல விரலை வச்சுப் பார்ப்பேன். இது அப்பாவுக்குத் தெரியாது.

அப்பா திட்டறதே இல்லை. திறந்ததும் "வெரி குட்"னு சொல்லுவார். தண்ணி குடுப்பார். நோட்டுல எழுதுவார்.

எனக்கு ஒரு உதவி பண்ணுங்க மாமா. எறும்பு போன அக்கா இருக்காங்களே, ஆறு மணி நேரம் நின்னவங்க, அவங்க அட்ரஸ் அனுப்புங்க. பேரு என்னன்னும் எழுதுங்க. எப்படி நின்னாங்கன்னு கேட்கணும். எனக்கு ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல என்னமோ பண்ணுது.

ரேடியோ


ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் கால் எப்படி?

இதை மாடி வீட்டு நர்ஸம்மா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதில் போட்டால் அவர் பெயருக்குப் போடுங்கள். வீட்டு முகவரிக்கு இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, அண்ணா. ஒரு நாளும் கை நீட்டியதில்லை, குரலை உயர்த்தியதும் இல்லை. மாலை ஐந்தே முக்காலுக்குத் தெருவில் அவர் சைக்கிள் மணி கேட்கும். உடனே அவள் தானாக எழுந்து போய் அலமாரி முன்னால் நிற்பாள். யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

போன வாரம் அவர் முகம் கழுவப் போனபோது நான் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, உள்பக்கமிருந்து கதவைத் தானே இழுத்து மூடிக்கொண்டாள். அன்றைக்கு அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் திறக்கவில்லை.

நாற்பது நாள் முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. முடிந்தாலும் அவள் பேசுவாளா என்று தெரியவில்லை. நேற்று அவர் ஆபீஸ் போன பிறகு, "யாரும் இல்லடி, ஒரே ஒரு வார்த்தை சொல்லு" என்றேன். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவளும் என் கையைப் பிடித்துக்கொண்டு பயந்துபோய்ப் பார்த்தாள்.

நீங்கள் கெஞ்சி எழுதாதீர்கள். நீங்கள் கெஞ்சக் கெஞ்ச அவருக்கு உறுதி கூடுகிறது. வேறு எதையாவது எழுதுங்கள். எழுத்தில் இருந்தால்தான் அவருக்கு ஆகும்.

உங்கள் தங்கை


ஆகஸ்ட் 8

தேர்வுக் குழு
எண் 7/அலமாரி
பொருள்: பயிற்சி விதிகள், இரண்டாம் பகுதி

ஐயா,

செப்டம்பர் 22 தேர்வுக்காகத் தங்கள் குழந்தைக்கு அளிக்கப்படும் பயிற்சி குறித்து எங்கள் சிகை அலங்காரப் பிரிவின் வழியாக அறிந்தோம். முதற்பகுதியின் நான்கு விதிகளும் முறையாகக் கடைப்பிடிக்கப்பட்டதைக் குழு பதிவு செய்துகொள்கிறது. முதற்பகுதி இத்துடன் நிறைவடைந்தது. இனி கீழ்க்கண்டவை பொருந்தும்.

விதி 5. பயிற்சி பெறுபவர் எட்டிய மிக நீண்ட நேரத்தை, பயிற்சி அளித்தவரும் அதே இடத்தில், அதே இருட்டில், அசையாமல், பேசாமல் ஒரு முறை நின்று நிறைவு செய்ய வேண்டும். இதற்கு விலக்கு கிடையாது.

விதி 6. அப்போது தாழ்ப்பாள் குழந்தையின் பொறுப்பில் இருக்கும். திறப்பது அதன் விருப்பம்.

விதி 7. விதி 5 நிறைவேறும் வரை குழந்தைக்கு எவ்விதப் பயிற்சியும் அளிக்கக்கூடாது. அளித்தால் தேர்வுத் தகுதி ரத்தாகும்.

விதி 8. நடந்ததைக் குழந்தை தன் கைப்பட எழுதி, பிறர் பார்வைக்கு உட்படுத்தாமல், சிகை அலங்காரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும்.

தங்கள் குடும்பத்தார் அனைவரும் நலமுடன் இருக்கக் குழு வாழ்த்துகிறது.

குழுவுக்காக
(ஒப்பம்)


ஆகஸ்ட் 25

தங்கைக்கு,

நர்ஸம்மா மூலமாக இது உன் கைக்கு வரும். சுகமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

அந்த உத்தரவை நான்தான் எழுதினேன். கம்பெனி டைப்பிஸ்ட் அம்மா அடித்துக் கொடுத்தார். எதற்கு என்று சொன்னபோது, "பெத்த அப்பனா இப்படி?" என்றார். நான், "இல்லம்மா, ஆரம்பிச்சு வச்சது மாமன்" என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் முத்திரையைக் குத்தினார். நிறுத்தச் சொன்னால் நிற்காத மனிதரிடம் இன்னும் நாலு விதியைக் கொடுத்துப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

பதினேழு நாளாகிறது. ஒரு பதிலும் இல்லை. அவர் கண்டுபிடித்துவிட்டாரா? அவரை உள்ளே அனுப்பிவிட்டுக் குழந்தை அதைப் பார்த்துப் பயந்துபோனாளா? இங்கே இருந்து அங்கே வர இரண்டு நாள் ரயில். நேற்று ஊன்றுகோலோடு வாசல்வரை போனேன். நாலாவது படியில் விழுந்தேன். மறுபடி மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். எத்தனை டாக்டர் என்று கேட்காதே. ஒருவர்தான்.

முப்பத்தேழு தலையும் என்னையே பார்க்கின்றன. விக்கை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

ரேடியோவிடம் ஒன்று சொல். அந்த எறும்பு அக்கா கிடையாது. பெயரும் இல்லை, விலாசமும் இல்லை, தானியப் பெட்டியும் இல்லை. மாமா பொய் சொன்னார். ஆறு மணி நேரம் இந்த உலகத்தில் யாரும் நிற்கவில்லை. அவளைவிட அதிக நேரம் நின்ற குழந்தை எங்கேயும் இல்லை. இதை அவளிடம் அப்படியே படித்துக் காட்டு.

அவள் பேசினாளா? அதை மட்டும் எழுது.

அண்ணன்


செப்டம்பர் 1

அன்புள்ள மாமா,

நான் நல்லா இருக்கேன். அம்மா அப்பா நல்லா இருக்காங்க. விதி எட்டுப்படி எழுதறேன். யாரும் பார்க்கலை.

கம்பெனி லெட்டர் வந்ததும் அப்பா என்னை அலமாரிகிட்டப் போக வேண்டாம்னுட்டார். லெட்டரை மேஜை மேல வச்சு மேல பேப்பர்வெயிட் வச்சார். தினம் ஆபீஸ்ல இருந்து வந்து அதைப் படிப்பார். அப்புறம் அலமாரியைத் திறந்து பார்ப்பார். மூடுவார். "நாளைக்குப் பண்ணலாம்"னு சொல்லுவார். பன்னிரண்டு நாள் அப்படியே சொன்னார். அப்பா நாளைக்குன்னு சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஞாயித்துக்கிழமை பண்ணினார். ஆபீஸ் சட்டை போட்டுக்கிட்டார். கைக்கடிகாரத்தைக் கழட்டி எனக்குக் கட்டினார், பெருசா இருந்துச்சு. "ரெண்டு மணி அஞ்சு நிமிஷம். பார்த்துக்கோ"ன்னார். குனிஞ்சு உள்ள போனார். நான் தாழ்ப்பாள் போட்டேன். அம்மா சமையல்கட்டு வாசல்ல கரண்டியோட நின்னாங்க.

கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்லை. அப்புறம் அப்பா மெதுவா எண்ண ஆரம்பிச்சார். பேசக்கூடாதுன்னு விதி இருக்கு, ஆனா எண்ணினார். நாற்பது வரைக்கும் சரியா வந்துச்சு. அப்புறம் நாற்பத்தொண்ணு, நாற்பத்திமூணு, மறுபடி நாற்பத்தொண்ணு. அப்புறம் எண்ணலை. அப்புறம் நகத்தால கதவைச் சுரண்டற சத்தம் கேட்டுச்சு. கூப்பிடவே இல்லை மாமா. சுரண்டிக்கிட்டே இருந்தார்.

நான் உடனே திறக்கலை. ஒரு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன். முழு நிமிஷம். அது தப்பா? இதை அம்மாகிட்டச் சொல்லலை.

அப்புறம் திறந்துட்டேன். பதினோரு நிமிஷம்தான் ஆச்சு. அப்பா வெளிய வந்து தரையில உட்கார்ந்துட்டார். சட்டையெல்லாம் தண்ணியா இருந்துச்சு. "இன்னும் நேரம் ஆகலையே"ன்னார். என் கையைப் பார்த்தார். நான் டம்ளர்ல தண்ணி குடுத்தேன். நோட்டை எடுத்து அவர் பேர் எழுதிப் பக்கத்துல பதினொண்ணுன்னு போட்டார். அதுக்கு மேல என் பேர் பக்கத்துல நூத்தி இருபத்தஞ்சுன்னு இருந்துச்சு. ரெண்டையும் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் போய்த் தாழ்ப்பாளைக் கழட்டிட்டார். லெட்டர்ல அது இல்லை. அவரா கழட்டினார்.

எறும்பு அக்கா இல்லைன்னு அம்மா படிச்சுக் காட்டினாங்க. அவங்க செத்துட்டாங்கன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அதனாலதான் நீங்க அட்ரஸ் அனுப்பலைன்னு. இனிமே நிஜமா மட்டும் எழுதுங்க மாமா. யானை பத்தி மட்டும் பொய் எழுதலாம்.

எனக்கு இன்னும் பேச வரலை. நாக்கு இருக்கு. ஆனா எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியலை.

ரேடியோ


செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

கால் கட்டு பிரித்தாயிற்றா? நடக்க முடிகிறதா? இங்கே எல்லோரும் என்று வழக்கம்போல ஆரம்பிக்கப் போனேன். வேண்டாம், நடந்ததை எழுதுகிறேன்.

நாளை மறுநாள் தேர்வு. இன்று காலை பத்து மணிக்கு ரயில். அவர் லீவு போட்டு மூன்று டிக்கெட் வாங்கிவிட்டார். பெட்டி கட்டி வாசலில் இருந்தது. அவள் கவுன் போட்டு, தலை சீவி, சத்தமில்லாமல் நின்றாள். எண்பத்து நாலு நாள், அண்ணா. டாக்டர் தொண்டையில் ஒன்றுமில்லை என்கிறார். நர்ஸம்மா, "அவசரப்படுத்தாதீங்க" என்று மட்டும் சொல்கிறார்.

அவர் ஷூ போட உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு ஷூ காலில், ஒன்று கையில். "இந்த நிலைமையில கூட்டிட்டுப் போகலாமான்னு ரெண்டாம் பகுதியில இல்லையே" என்றார். பிறகு, "என்ன செய்யணும்னு நீயாவது ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. அப்படியே செய்றேன்" என்றார்.

அண்ணா, பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. பேனாவும் பக்கத்தில்தான் இருந்தது. இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் இந்த வீட்டில் எல்லாம் என் விருப்பப்படி நடக்கும் என்று தெரிந்தது. பேனாவைத் தள்ளி வைத்தேன். "எழுதமாட்டேன். அவகிட்டக் கேளுங்க" என்றேன்.

"அவதான் பேச மாட்டாளே."

"கேட்டுட்டுச் சும்மா இருங்க."

அவர் ஷூவைக் கீழே வைத்தார். அவளிடம் திரும்பி, "போகணுமாம்மா?" என்று கேட்டார். அவள் அவர் கையைப் பார்த்தாள். காகிதம் இல்லை. கடிகாரம் இல்லை. பத்து மணி ஆயிற்று. ரயில் போயிருக்கும். ரயிலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதற்கே அவருக்கு வியர்த்துக் கொட்டியது. வாசலில் காய்கறிக்காரர் வந்து கூவிவிட்டுப் போனார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வேண்டாம்" என்றாள்.

துருப்பிடித்த குரல். மாடியிலிருந்து நர்ஸம்மா கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்தார். அவள் அப்பா, "ஏன்?" என்று கேட்க வாயெடுத்து மூடிக்கொண்டார். அவள் மறுபடி, "வேண்டாம்ப்பா. எனக்கு அது பிடிக்கலை. எனக்கு முதல்லருந்தே பிடிக்கலை. மழைக்கோட்டு நாத்தம் அடிச்சுது. நான் ஒரு தடவை உள்ளயே ஒண்ணுக்குப் போயிட்டேன், உங்களுக்குத் தெரியாது, அம்மாதான் துடைச்சாங்க. அன்னிக்கு நான் தும்மலை, அழுதேன், தும்மல் மாதிரி சத்தம் வந்துச்சு" என்று ஆரம்பித்தாள்.

மணி பதினொன்றரை. அவள் இன்னும் நிறுத்தவில்லை. அலமாரியில் தொடங்கி, ஸ்கூல் பெஞ்சு, அந்த டீச்சரின் பல், உங்கள் ஒட்டகம் என்று எங்கெங்கோ போய்விட்டாள். அவர் ஒரு காலில் ஷூவோடு தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். பாதி அவருக்குப் புரியவில்லை என்று முகத்தில் தெரிகிறது. எழுந்து போகவில்லை. இரண்டு தடவை பென்சிலைத் தேடிச் சட்டைப் பையில் கை வைத்தார், பிறகு கையை எடுத்துவிட்டார்.

டைரக்டரிடம் உங்கள் மருமகள் வரமாட்டாள் என்று சொல்லிவிடுங்கள். காரணம் கேட்டால் உங்கள் வழக்கப்படி எதையாவது சொல்லிக்கொள்ளுங்கள்.

கட்டு பிரித்ததும் நீங்கள் ஒரு தடவை வாருங்கள். எனக்குப் பயம் இன்னும் போகவில்லை, அண்ணா. இதை அவள் குரலைக் கேட்டுக்கொண்டேதான் எழுதுகிறேன். மூச்சு வாங்க அவள் நிறுத்தும்போதெல்லாம் என் பேனாவும் நின்றுவிடுகிறது.

உங்கள் தங்கை